ஏரிக்கரையில் நான் யாருடைய அம்மாவும் இல்லை

போன மாதம் ஆறு நாட்கள் நான் என் மகளுக்கு அம்மா இல்லை.

பதற வேண்டாம். சண்டை இல்லை, கோர்ட் இல்லை. ஒப்பந்தம்தான். பதினோரு வயது யாழினி போட்ட ஒப்பந்தம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கட்டை விரல். திருமழிசைக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏழு நாள் சம்மர் கேம்ப். அங்கேயே தங்க வேண்டும், அங்கேயே சாப்பிட வேண்டும், செல்போன் கிடையாது. யாழினி எங்கள் பட்டாபிராம் ஃப்ளாட்டில் ஒரு வாரமாகப் பெட்டி அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, கேம்ப் நடத்தும் ராதிகா மேடம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வேண்டுகோள் போட்டார். உதவிக்கு வருவதாக இருந்த ஒருவர் வர முடியவில்லையாம். அம்மாக்களில் யாராவது ஒருவர் ஏழு நாளும் கூடத் தங்க முடியுமா?

நல்ல யோசனை, யாராவது போங்களேன் என்ற அர்த்தத்தில் ஒரு கட்டை விரலைத் தட்டிவிட்டேன்.

அடுத்த நிமிடம்... 'மிக்க நன்றி பானு மேடம்!' அதன் கீழே வரிசையாக மற்ற அம்மாக்களின் கைதட்டல். இதற்கு மேல் பின்வாங்க முடியுமா? நீங்களாக இருந்தால் வாங்கியிருப்பீர்களா?

யாழினி அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தி, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அங்க நீ எனக்கு அம்மா இல்ல. மிஸ். அவ்ளோதான்."

"சரி."

"கண்ணம்மா, குட்டின்னு எல்லாம் கூப்பிடக் கூடாது. தலை பின்னி விடக் கூடாது. சாப்பிட்டியான்னு கேட்கக் கூடாது."

"மத்த பிள்ளைங்களைக் கேட்கலாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "அவங்களைக் கேளு. என்னைக் கேட்காத."

கையெழுத்துப் போட்டேன். ராதிகா மேடத்திடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு ஏக மகிழ்ச்சி. "வெரி குட்! தன்னம்பிக்கை வளரும்" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

முதல் நாள் மதியம் நான் பரிமாறும் வரிசையில் நின்றேன். பொரியல் பாகற்காய். வீட்டில் பாகற்காய் என்ற சொல்லைக் கேட்டாலே வாந்தி வருவது போல நடிப்பவள், என் முன்னால் தட்டை நீட்டினாள். "மிஸ், இன்னும் கொஞ்சம் வைங்க."

எனக்குக் கரண்டி நழுவியது. பாகற்காய்க்காக இல்லை... அந்த 'வைங்க'வுக்காக! பதினோரு வருடத்தில் என்னிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை.

கேம்ப்பில் சமையல் செல்வி அக்கா. ஏரியை ஒட்டிய பழைய ஊர்க்காரர். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் சளைக்காமல் சமைப்பவர், அதைவிடச் சளைக்காமல் பேசுபவர். இரண்டாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மிஸ்ஸு, அந்தப் பச்ச ரிப்பன் பொண்ணு மூஞ்சியும் உன் மூஞ்சியும் ஜெராக்ஸ் எட்த்தா மாரி கீதே?"

"ஆமா, எல்லாரும் அதைத்தான் சொல்... இல்லக்கா, யாரும் சொன்னதே இல்ல."

"அப்பிடியா?" என்றார். வெங்காயம் எனக்குத்தான் அதிகம் எரிந்தது.

மூன்றாம் நாள் ரிஷிதாவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பது வயது, கேம்ப்பிலேயே குட்டிப் பெண். அம்மா வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழுதாள். மடியில் உட்கார வைத்து, தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். அடுக்குக் கட்டிலின் மேல் தட்டிலிருந்து ஒரு ஜோடிக் கண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் நிமிர்ந்ததும் போர்வைக்குள் போய்விட்டன.

மறுநாள் காலை என் முன்னால் பின்னலுக்கு ஒரு க்யூவே நின்றது. ஏழாவது ஆளாக, சீப்போடு — யாழினி.

"ஒப்பந்தம்?" என்று கிசுகிசுத்தேன்.

"மத்த பொண்ணுங்களுக்குப் பின்னக் கூடாதுன்னு இல்லையே? இப்போ நான் மத்த பொண்ணு. சீக்கிரம் பின்னுங்க மிஸ்."

எந்த வக்கீலிடம் படித்தாளோ! பின்னினேன். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் என்றால், அவளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.

ஆறாம் நாள்தான் விபரீதம். தெப்பப் போட்டி. காலி வாட்டர் கேன், மூங்கில், கயிறு... இவ்வளவையும் மூன்றாம் நாளே கொடுத்து, நான்கு அணிகளையும் தெப்பம் கட்டச் சொன்னார் ராதிகா மேடம். கட்டிய தெப்பத்தில் பெரியவர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். பிள்ளைகள் தள்ளிக்கொண்டே போய், தண்ணீருக்குள் நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். யார் எந்தத் தெப்பத்தில் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்தது யாழினி அணி.

"மிஸ், நீங்க அசையாம உட்காந்தா மட்டும் போதும்" என்றாள் அணித்தலைவி. அதாவது என் மகள். ரிஷிதாவும் இன்னும் ஆறு பேரும் ஆமோதித்தார்கள். மூன்று நாள் உழைத்துக் கட்டிய தெப்பம். ஜெயித்தே ஆக வேண்டும் என்று கண்ணில் வெறி.

எனக்கு நீச்சல் தெரியாது. பாத்டப்பைப் பார்த்தாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற ரகம். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கேன்களுக்கு மேல் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். விசில் ஒலித்தது. தள்ளினார்கள். பாதி தூரம் நாங்கள்தான் முதலில்!

பின்னால் ஏதோ 'படக்' என்றது. கயிறு அவிழ்ந்து, தள்ளுவதற்கென்று கட்டியிருந்த பின்பக்க மூங்கில் பிள்ளைகள் கையோடு போய்விட்டது. காற்று வேறு. தெப்பம் நானும் கேன்களுமாகத் தனியே மிதந்து, நேராக ஓர் எருமைக் கூட்டத்தை நோக்கிப் போனது.

அதில் ஓர் எருமை என்னைப் பார்த்து நடந்து வந்தது. கவனியுங்கள்... நீந்தி வரவில்லை, நடந்து வந்தது. ஒரு புத்திசாலிக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அது நிதானமாகத் தெப்பத்தின் ஓரத்தில் தாடையை வைத்தது. என் துப்பட்டாவின் நுனியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது. தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது.

என் குரல் எப்படிக் கிளம்பியது என்று எனக்கே தெரியாது.

"யாழினி! யாழினிக் குட்டி! அம்மாவைக் காப்பாத்துடி கண்ணம்மா!"

மற்ற மூன்று தெப்பங்களும் நின்றன. முப்பத்திரண்டு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. ராதிகா மேடத்தின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

யாழினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு விநாடி... இரண்டு விநாடி... பிறகு கையை எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மா! எழுந்து நில்லும்மா!"

"முடியாதுடி! எனக்கு நீச்சல் தெரியாது!"

"நீந்தச் சொல்லல! நில்லு!"

நின்றேன்.

முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர்.

கோடைகாலத்து ஏரி. காலையில் ராதிகா மேடம் கோலை விட்டு அளந்து காட்டி, எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் நான் காணாமல்போன என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் செல்வி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரண்டியோடு இறங்கி வந்தார். "ஏய், அத்த வுடு! போ அந்தாண்ட!" என்று எருமையின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பயப்படாத மிஸ்ஸு. எங்க நாத்தனார் ஊட்டு மாடுதான், ஒன்னியும் செய்யாது. உன் துப்பட்டால சாம்பார் வாசன கீது, அதான் நக்கிப் பாக்குது."

யாழினி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். இடுப்பில் கை.

"ஆறு நாள் காப்பாத்தினேன். அரை நிமிஷத்துல எல்லாம் போச்சு."

"ஸாரிடி. தோத்துட்டீங்களே..."

"அது கயிறு. நான் போட்ட முடிச்சுதான்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த நொடி வெடித்துவிட்டது. எனக்கும்தான். இருவரும் எருமை பார்க்க அங்கேயே நின்று சிரித்தோம். பிறகு என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தாள், ஏதோ நான்தான் ஒன்பது வயதுக் குழந்தை என்பது போல.

கரையில் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யாழினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இவங்க... எங்க அம்மா."

"தெரியுமே" என்றாள் ரிஷிதா.

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. சாப்பிடறப்போ யாழினி அக்கா தட்டுல இருந்த கறிவேப்பிலையை எல்லாம் மிஸ் எடுத்து எடுத்து அவங்க தட்டுல போட்டுக்கிட்டாங்க. பேசிக்கிட்டே! தினமும்! நாங்க எல்லாரும் பார்த்தோம்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு நினைவே இல்லை. அவளுக்கும் இல்லை.

நாம் போடுகிற கண்டிஷனெல்லாம் வாய்க்கும் மூளைக்கும்தான். கைக்கு யார் சொல்வது? அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஏழாம் நாள் மாலை வீட்டு வாசலில் என் கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டே கேட்டார். "கேம்ப் எப்படிடா இருந்துச்சு?"

"சூப்பர்ப்பா. அம்மா நல்லாப் பழகிட்டாங்க. அடுத்த வருஷம் தனியாவே அனுப்பிடலாம்."

நான் தயார்தான். விண்ணப்பத்தில் வயது வரம்பு மட்டும் கொஞ்சம் இடிக்கிறது.