உப்புக்காரி அனுப்பிய எட்டுச் சீசாக்கள்

உப்புக்காரி என் நாத்தனாரின் இரண்டாவது மகள். அவள் அப்பா பஸ் கண்டக்டர். அவர் பக்கத்துச் சொந்தம் முழுக்கச் சக்கரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். எங்கள் பக்கம் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. கடலோடு உறவு என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் கிடையாது. என் ஓரகத்தியின் தம்பி ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார் என்பார்கள். பெயின்ட் அடித்தார், அதுவும் கப்பல் கரையில் நின்றபோது.

எங்கள் ஊர்க் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருட ஒப்பந்த வேலை கிடைத்து, எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தாள். கப்பல் கொண்டுவரும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. அதனால் வீட்டில் அவள் பெயரே உப்புக்காரி ஆயிற்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், தட்டை அவள் பக்கம் நகர்த்தி அளவு கேட்பார். அவளும் முகம் மாறாமல் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வாள்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்து போனாளென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நிலையத்தில் அவள் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. குளிருமில்லை, சூடுமில்லை. சுவரெல்லாம் தட்டு, தட்டெல்லாம் சீசா. ஏதோ ஒரு மெஷின் தேனீ போல முனகிக்கொண்டிருந்தது. யாரோ தூங்குகிற அறைக்குள் நுழைந்தது போல நானே செருப்பை மெதுவாக வைத்தேன்.

"ரெண்டாயிரம் ஆள் உயரத்துக்குக் கீழே இருந்த தண்ணி அத்தை இது. ஒரு நாள் முழுக்க இந்த ரூமுக்குப் பழகணும். அப்புறம்தான் அளப்பேன்," என்றாள் கிசுகிசுப்பாக.

புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணை முதல் நாளே அடுப்படியில் விடாத மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வெயில் தெரியாத ஆழம், ஒரு மூடிக்குள் கண்மூடிக் கிடந்தது.

அவளுக்கு ஒரே ஆசை, கப்பலில் ஏற வேண்டும். மாதாமாதம் தண்ணீர் கொண்டுவரும் கப்பல்களில் இடம் கிடையாது; வருடத்துக்கு ஒருமுறை நீண்ட பயணமாக ஆழ்கடலுக்குப் போகும் கப்பலில்தான், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அதைக் கேட்க அவளை அறிந்தவர்கள் நான்கு பேர் எழுதித் தர வேண்டும். மேலதிகாரியும் அதையே சொன்னாராம், வேலை தெரிந்தால் மட்டும் போதாது, ஆட்களைத் தெரிய வேண்டும் என்று. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் கால் வைத்தாலும் இரண்டு கேள்வியில் ஒரு சித்தப்பா கிடைத்துவிடுவார். அவள் நிலையத்தில் ஐந்து மாதத்தில் அவளை யாரென்று கேட்டவர் வாட்ச்மேன் மட்டும்.

கடல் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. போனாள். மீன் பார்க்கிறவர்கள், அலை பார்க்கிறவர்கள், கடலடிச் சேறு பார்க்கிறவர்கள் என்று நாற்பத்தொரு பேரின் கார்டோடு திரும்பினாள். எல்லாருக்கும் எழுதினாள். மூன்று பேர் மட்டும் பதில் போட்டார்கள். மகிழ்ச்சி, தொடர்பில் இருப்போம் என்று.

"தொடர்பில் இருப்போம்னா, இனிமே கூப்பிடாதேன்னு அர்த்தம்," என்றார் அவள் மாமா.

அந்த வருடக் கடைசியில் அவள் சாப்பாடு குறைந்தது. கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தாள். அவ்வளவு ஆழத்துத் தண்ணீரில் உப்பு லேசில் மாறாதாம். அவள் அளந்ததிலோ மாதத்துக்கு மாதம் ஒரு துளி ஏறிக்கொண்டே வந்தது. ஆழ்கடல் உப்பேறுகிறது, புதுக் கண்டுபிடிப்பு என்று மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மாநாட்டில் பேச ஏற்பாடாகிவிட்டது. கப்பல் இடத்துக்கு அவரே எழுதித் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மெஷின் மேல் சந்தேகம். வாயைத் திறந்தால் கப்பல் போச்சு. திறக்காவிட்டால் ஊரெல்லாம் பொய் பரவும்.

ஒரு மத்தியானம் நாற்பத்தொரு கார்டையும் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தாள். கூட்டத்தில் கை குலுக்கியபோது யார் யார் கை சொரசொரவென்று இருந்தது என்று யோசித்தாளாம். சீசா கழுவுகிற கை உப்பில் வெடித்திருக்கும். அப்படி எட்டுக் கார்டு ஒதுங்கின. அன்று வந்த தண்ணீரில் ஒரே கேனிலிருந்து எட்டுப் புதுச் சீசாக்களை நிரப்பி, புது மூடி போட்டு, எட்டு ஊருக்கு அனுப்பினாள். கூடவே ஒரு கடிதம். அதில் உறவுமில்லை, உபசாரமுமில்லை. என் எண் தப்போ என்று பயமாக இருக்கிறது, இதே தண்ணீரை நீங்களும் அளந்து சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளும் எனக்கு நினைப்பெல்லாம் அந்தத் தண்ணீர் மேல்தான். ஒரே தண்ணீர் லாரியிலும் ரயிலிலும் ஆடி ஆடிப் போய், எட்டு அறைகளில் எட்டுத் தட்டுகளில் படுத்து, எட்டு முன்பின் தெரியாதவர்களின் ஊர்ச் சூட்டுக்குப் பழகிக்கொண்டிருக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எட்டு ஊரில் வாழ்க்கைப்பட்ட மாதிரி.

எட்டுப் பேரும் பதில் சொன்னார்கள். ஒருவர்கூட விடவில்லை. எட்டு எண்ணும், அதே கேன் தண்ணீரை அவள் மறுநாள் அளந்து வைத்த எண்ணோடு ஒத்துப்போயின. அப்படியானால் மெஷினில் பழுதில்லை. ஆனால் இந்தத் தண்ணீரில் மட்டும் உப்பு ஏறியிருக்கவில்லை, அது ஏனென்று அவளுக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் எட்டில் ஒருவன் போனில் வந்தான். அலைக்காரன் என்று பின்னால் நாங்கள் பெயர் வைத்த பையன்.

"உங்க பாட்டிலெல்லாம் அளக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் தட்டுல காத்துக் கிடக்கும்?"

"மூணு மாசம். சிலது அஞ்சு."

"மூடி?"

"பழசுதான். கழுவிக் கழுவிப் போடுவேன்."

"போன வருஷம் எனக்கும் இதே ஏறிச்சு. மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சு போயிருந்தது. தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு தங்கிடும். நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க இப்ப மாட்டியிருக்க மாட்டீங்க."

மறுநாள் காலையிலேயே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். கடல் மாறவில்லை சார், என் மூடிதான் சரியில்லை என்று. அவர் திட்டவில்லையாம். மாநாட்டில் பேச வேண்டிய தாள்களை அடுக்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். அந்த வருடக் கப்பல் இடம் வேறொருவருக்குப் போனது. அவள் அழவில்லை. இரண்டு நாள் மாடியிலிருந்து இறங்கவுமில்லை.

இறங்கி வந்தபோது, எட்டுப் பேரோடும் சேர்ந்து பேசப் போவதாகச் சொன்னாள். வெள்ளிதோறும் சாயங்காலம். ஒரே ஒரு சட்டம், அந்த வாரம் செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்தபடி நானும் கேட்பேன். ஒருத்தி ஒரு மாதத்துச் சீசாக்களுக்குத் தேதி எழுத மறந்திருப்பாள். ஒருவன் வலையைத் தலைகீழாகக் கட்டி இறக்கி, மீனெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கும். உலகத்தில் இத்தனை தப்புகளா என்று எனக்கு இதமாக இருக்கும். வீட்டுக் குறை தெரிந்தவர்தானே சொந்தம். வெளியாளுக்குக் காட்டுவது கூடத்தை மட்டும்தான். ஆறே மாதத்தில் எட்டு இருபதாயிற்று, இருபது அறுபதாயிற்று. கடலடிச் சேறு பார்க்கும் சேற்றுக்காரியின் தோழி, அலைக்காரனின் பழைய அறைத்தோழன் என்று கொடி கொடியாக. யாருக்கு யார் வழியாக யார் என்று இப்போதும் நான் வரிசையாகச் சொல்வேன்.

அடுத்த வருடம் கப்பலுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டாள். நான்கு பேர் கேட்ட இடத்தில் எட்டுப் பேர் எழுதினார்கள். கப்பல் பயணத்துக்குத் தலைமை தாங்குகிற அம்மா அவளைப் போனில் கூப்பிட்டார்கள். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். வீடே கேட்டது.

"எட்டுப் பேரும் உன் தப்பைப் பத்தியே எழுதியிருக்காங்களே, என்னம்மா இது?"

"அதுலதான் மேடம் பழக்கமானோம்."

"சரி, எங்க கப்பல் மூடியெல்லாம் எப்படி இருக்கும்னு நினைக்கறே?"

அவள் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பார்த்தாத்தான் தெரியும் மேடம்," என்றாள். "பாதி தேஞ்சிருக்கும்னு நினைக்கறேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அப்ப பத்தாம் தேதி வந்து பாரு. திரும்பி வர நாற்பது நாள் ஆகும், வீட்டுல சொல்லிடு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதற்குள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கப் போயிருந்தார்.