படத்தில் வெட்டிய காலர்

என் அக்கா தையற்காரி. காலர் கழுத்தில் விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் எங்கள் தெருவில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். தெருமுனை டாக்டரும் அவளிடம்தான் சட்டை தைத்துக்கொண்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் மகளை வாலு என்று கூப்பிடுவோம். மூன்று வயதில் அவளுக்கு நிமோனியா வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார், ஜன்னல் பக்கம் தூக்கி ஒரு நொடி பார்த்தார், மருந்து எழுதினார். காய்ச்சல் விட்டது. சில மாதங்களில் மறுபடியும் வந்தபோது அக்கா பழைய படத்தையும் கையோடு கொண்டுபோனாள். பழசெல்லாம் எதற்கு என்று அவர் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. புதுப் படத்துக்கும் அதே ஒரு நொடிதான். ஆனால் அக்காவின் தோளில் ஒட்டியிருந்த நூலை மட்டும் நன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் துணித் தூசிம்மா. நீங்கதான் கொழந்தைக்கு வியாதியக் குடுக்குறீங்க."

அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. உறவுக்காரர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். தையல் மெஷின் என் வீட்டு முன்னறைக்கு வந்தது. வேலை முடித்துக் குளித்து உடை மாற்றாமல் அக்கா பிள்ளையைத் தொடமாட்டாள். வாலு ஓடிவந்தால் கையை நீட்டித் தடுப்பாள். கொஞ்ச நாளில் அவள் ஓடிவருவதையே நிறுத்திவிட்டாள். "அம்மா அழுக்கு, சித்தி" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

யாருக்கும் வேண்டாத படங்களை அக்கா வேலைக்கு எடுத்துக்கொண்டாள். எக்ஸ்ரே படம் வளையும், லேசில் கிழியாது, துணிமேல் அளவாக வைத்து வெட்ட அட்டையைவிட நல்லது. ஒன்றில் காலர் அளவு, இன்னொன்றில் பாக்கெட் அளவு. டாக்டரின் அடுத்த சட்டைக்குக் காலர் வெட்டியது அந்த அளவில்தான்.

தூசியே அண்டாத வீட்டில் வாலு மூன்றாம் முறையும் படுத்தாள். அக்காவை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகளின் நுரையீரலுக்கென்றே அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி நிதானமாகப் பார்த்தவர், பழைய படங்களைக் கேட்டார். சட்டைக்கு வெட்டிவிட்டதாகச் சொல்லி அக்கா கூனிக்குறுகிப் போனாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவில்லை, வெட்டியதையே கொண்டுவரச் சொன்னார். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

காலரையும் பாக்கெட்டையும் புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விலா எலும்புகளை ஒப்பிட்டார். மூன்றிலும் இடப்பக்கம், கீழே, அதே இடத்தில் அதே வெள்ளைத் திட்டு. தூசி என்ன, இடம் ரிசர்வ் செய்துகொண்டா வந்து உட்காரும்?

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். கருவிலேயே நுரையீரலில் ஒரு துண்டு கோணலாக உருவாகியிருந்தது. மூச்சுக்குழாயோடு சரியாகச் சேராமல், இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து நேரே ரத்தம் வாங்கிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு உதவாத அந்தத் துண்டில்தான் திரும்பத் திரும்பக் கிருமி தங்கியது. அபூர்வமாக வருவது, ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

"பொறக்கும்போதே இருந்ததும்மா இது. உங்க தையலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்ப எம்பொண்ண நான் எதுக்குடி தள்ளி நிறுத்துனேன்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தெருமுனை டாக்டர், ஆபரேஷன் முடிந்து வாலு தேறி, மெஷின் அக்கா வீட்டுக்கே திரும்பிய பிறகு, ஒருநாள் புதுத் துணியோடு வந்தார். காலரைப் போன தடவை மாதிரியே வைக்கச் சொன்னார்.

அக்கா துணியை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"அந்த அளவு ஆஸ்பத்திரியில இருக்கு டாக்டர். எம்பொண்ணோட நெஞ்சுப் படத்துல வெட்டுனது. மொதல்ல உங்ககிட்டதான் கொண்டுவந்தேன். நீங்க பாக்கல."

அவர் துணியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்வரை அக்கா மெஷினை நிறுத்தவில்லை. வாலு அவள் மடியில் உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் நூல்.