பின்னால் நிற்கிற பக்கிரிசாமி அண்ணன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் யாருக்காவது அருள் வந்தால், எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். பின்னால் நிற்கிற பக்கிரிசாமி அண்ணனை யாரும் பார்ப்பதில்லை. அவர் கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றுகிறவர். சாமி ஆடுகிறவருக்கு முன்னால் போகவே மாட்டார். பின்னாலேயே அசைந்து, உடம்பு தளரும்போது அக்குளில் கை கொடுத்துத் தாங்குவார்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் வீரப்பன், மருந்தடிக்கத் தண்ணீர் எடுக்கிற குளத்தில் பம்புக் குழாயில் அடைத்த சருகை எடுக்கப் போனார். கரையில் விரித்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் வழுக்கி, ஆழத்துக்குப் போய்விட்டார். நீச்சல் தெரியாது. நான் கத்திய கத்தலில் அண்ணன் லோரியிலிருந்து ஓடி வந்தார்.

லோரிக் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பம்புக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்தார். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் தோங் பீப்பாய் ஒன்றை அணைத்துக்கொண்டு நீந்தினார். வீட்டுக்காரரின் கைக்கெட்டாத தூரத்தில் அப்படியே நின்றுவிட்டார்!

"அண்ணே, கையக் குடுங்கண்ணே! முழுகுறாரு!"

"நீ கயித்த விடாத, தங்கச்சி!"

வீட்டுக்காரர் அவர் மேல் பாய்ந்தார். அண்ணன் பின்வாங்கி, தோங்கை நடுவில் தள்ளினார். "வீரப்பா, என்னப் பாக்காத! இதக் கட்டிப்பிடி!"

எப்படியோ பிடித்துக்கொண்டார். உடனே அண்ணன் சுற்றிப் பின்னால் போய், இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். வீட்டுக்காரர் உதைத்தார், மணிக்கட்டைக் கடித்தார். அண்ணன் விடவில்லை. கோயிலில் பேசுகிற அதே தணிந்த குரலில், "போதும் சாமி... மூச்சு விடு... நான் பின்னாலதான் இருக்கேன்" என்றார்.

அந்தத் துள்ளல் அப்படியே அடங்கியது. கயிற்றை இழுத்தேன். தாயே, இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள்.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லோரியில் கேட்டேன்: "ஏண்ணே மொதல்ல கை குடுக்கல?"

"குடுத்திருந்தா என் தலமேல ஏறியிருப்பான்லா. ரெண்டு பேரும் போயிருப்போம்."

நடுங்கிக்கொண்டே வீட்டுக்காரர், "நான் என்ன சாமியா ஆடினேன்?" என்றார்.

"எந்தச் சாமியும் என்னைய இப்படிக் கடிச்சதில்லடா!"

இந்த வருஷத் திருவிழாவில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. எல்லாரும் அவளைக் கும்பிட்டார்கள். நானும்தான். ஆனால் என் கண், அவளுக்குப் பின்னால் விரிந்து காத்திருந்த இரண்டு கைகளுக்குப் போனது. ஒரு மணிக்கட்டில் பல் தடம். அதையும் பார்த்துக் கும்பிட்டேன்.