எட்டுப் பாகம் ஆழத்துக்கு ஒரு பெட்டி

காணாமற்போன படகொன்று கடலடியில் கிடப்பதாக அறிவிக்கப்பட்டால், பதினான்கு நாட்களுக்குள் உத்தியோகத்தர் ஒருவர் நேரில் சென்று பார்த்து அறிக்கையிட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. ஓய்வுபெறும்வரை கடற்றொழில் அலுவலகத்தில் அதை ஆண்டுக்கொருமுறை சுற்றுக்கு அனுப்பி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியவன் நான். அதனால் யாருமே அதை வாசித்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். தவமணிக்கு நான் எழுதிக்கொடுத்த முறைப்பாட்டுக்கு அந்த அலுவலகம் நாற்பதாம் நாள் பதில் அனுப்பியது: உத்தியோகத்தருக்கு நீந்தத் தெரியாது; இலக்கம் தெளிவாகத் தெரியும் புகைப்படம் ஒன்றை மனுதாரரே சமர்ப்பிக்கலாம்.

தவமணியின் கணவர் யோகராசா கார்த்திகை மாதம் தொண்டைமானாற்றிலிருந்து தனியே தொழிலுக்குப் போனவர். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. தையில் அவருடைய தம்பி ரவி, சங்கு குளிக்கப் போன இடத்தில், எட்டுப் பாகம், ஏறத்தாழ பதினைந்து மீற்றர், ஆழத்தில் கவிழ்ந்து கிடந்த படகொன்றைக் கண்டான். கைத்தொலைபேசியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போய்ப் படமும் எடுத்தான். பச்சைப் புகைதான் விழுந்தது. படகின் இலக்கம் 417 படத்தில் தெரிந்தால் யோகராசா இறந்தவராகப் பதியப்படுவார். தெரியாவிட்டால் கோப்பில் அவர் 'காணாமற்போனவர்' ஆகவே இருப்பார்.

மார்ச் 16, காலை 8.10. இணுவிலிலிருந்து வட்டுக்கோட்டைக்கு ஓட்டோ, ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர், ஆயிரத்து இருநூறு ரூபாய். மடியில் லண்டனிலுள்ள மகள் விட்டுப்போன கமரா. லென்ஸ் மாற்றக்கூடியது, பாரமானது, தண்ணீருக்கு எதிரி. வழியெல்லாம் புகையிலைத் தோட்டங்கள். வானம் கழுவாத சட்டிபோல இருந்தது.

செல்வின் நோர்வேயில் இருபது வருடம் கடலடிக் குழாய் வேலை செய்துவிட்டு, வட்டுக்கோட்டைக் கல்லூரிக்குப் பின்னாலுள்ள தாய்வழிக் காணிக்குத் திரும்பியவர். நீர்மூழ்கிப் படமெடுக்கும் பழைய சாமான்களை வாடகைக்கு விடுகிறார். மேசையில் மூன்றை எடுத்து வைத்தார்.

"முதல் இது. பை. எந்தக் கமராவும் போகும். ஆனால் அஞ்சு மீற்றர் மட்டும்தான்."

"எங்களுக்குப் பதினைஞ்சு."

"அப்ப கமராவைக் கொல்ல வேறை வழி தேவையில்லை."

இரண்டாவது அலுமினியப் பெட்டி. கனமும் அழகும் ஒரு கோயில் பெட்டகத்துக்கு உரியவை. ஆனால் அது என் கமராவுக்கு அடுத்த மொடலுக்குச் செய்தது. உள்ளே வைத்துப் பார்த்தோம். பெட்டியின் பொத்தான், கமராவின் பொத்தானுக்கு அரை விரல் தள்ளி வெறும் இடத்தை அழுத்தியது. அலுவலகங்களில் நான் நிறையக் கண்ட பொருத்தம்.

மூன்றாவது கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் பெட்டி. கமரா கச்சிதமாக உட்கார்ந்தது. முன்னால் அகல லென்ஸுக்கென்று அரைக்கோள முகம். கலங்கிய தண்ணீரில் கிட்டப்போய்த்தான் எடுக்கவேண்டும், அதற்கு இதுதான் என்றார் செல்வின்.

"வெளிச்சம்?"

"ரெண்டு ஸ்ட்ரோப் இருக்கு, சேர். பெரிசு வயரிலை வேலை செய்யிறது. இந்தப் பெட்டியிலை வயருக்கு ஓட்டை இல்லை. சின்னதை எடுங்கோ. கமராவின்ரை சொந்தப் பிளாஷ் மின்னினால், அந்த வெளிச்சம் இந்தக் கண்ணாடி இழையாலை போய் இதை மின்னப்பண்ணும். ஆனா நேராப் பிடிக்கக்கூடாது. கையை நல்லா நீட்டிப் பக்கத்தாலை அடிக்கவேணும். இல்லாட்டி மழையுக்கை லைற் போட்டு ஓடின மாதிரி, தூசிதான் தெரியும்."

வாடகை நாளொன்றுக்கு ஒன்பதாயிரம். வெறும் பெட்டிக்குள் ரிஷூ தாளை வைத்து மூடி, கிணற்றில் அரைமணி நேரம் அமிழ்த்தினோம். தாள் காய்ந்தே வந்தது.

"மூடியிலை இருக்கிற றப்பர் வளையத்தைத் துடைச்சு மூடுங்கோ. மூடினா திறவாதேங்கோ. ஒரு தலைமயிர் கிடந்தாலே போதும், தண்ணி வர."

எனக்கா சொல்கிறீர் என்பதுபோல் தலையாட்டினேன்.

மார்ச் 17, காலை 7.30. தொண்டைமானாறு. கடல் தகடுபோலக் கிடந்தது. வளையத்தைத் துடைத்து, கமராவை வைத்து, மூடப்போகும் நேரம் தவமணி வந்தாள். கையில் சன்னிதியான் கோயில் திருநீறு.

"பொறுங்கோ ஐயா. கடலுக்குப் போற சாமான் ஒண்டையும் நாங்கள் திருநீறு வைக்காமல் விடுறேல்லை."

"பெட்டிக்கு மேலை வையும், பிள்ளை."

"தண்ணியிலை கழுவுப்பட்டுப் போமே. உள்ளுக்கு வைச்சால்தான் நிக்கும்." பிறகு குரல் தாழ்ந்தது. "அண்டைக்கு என்ஜினுக்கு வைக்க மறந்தது நான்தான்."

ரவி என்னைப் பார்த்தான். நான் பெட்டியைத் திறந்து பிடித்தேன். மூன்று விரலால் கமராவின் நெற்றியில் பூசினாள். என்ன வேண்டினாள் என்று கேட்கவில்லை, அவளே சொன்னாள்: "அது அவரின்ரை படகா இருக்கக்கூடாது."

படமெடுக்க வந்த கூட்டத்தில் படம் விழக்கூடாதென்று வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

8.45. படகிலிருந்து குதித்து மூழ்கிய ரவி மேலே வந்து பெட்டியை உயர்த்திக் காட்டினான். உள்ளே இரண்டு கரண்டித் தண்ணீர் ஆடியது. கமரா செத்திருந்தது. கரையில் மூடியைத் திறந்தபோது வளையத்தின் பள்ளத்தில் ஓரிடத்தில் வெள்ளைப் பசை. விரலால் வழித்து வேட்டியில் துடைத்தேன். அதைத் தவமணிக்குச் சொல்லவில்லை. செல்வினுக்கும் சொல்லவில்லை, வளையம் பழசு என்றேன்.

நினைவு அட்டை நனையவில்லை. மடிக்கணினியில் போட்டேன். முதல் இரண்டும் தூசி மழை. மூன்றாவதில் ரவி ஸ்ட்ரோப்பைப் பக்கத்துக்கு இழுத்திருந்தான். அவன் உள்ளங்கையால் பாசி துடைத்த இடத்தில் நீலப் பலகையும் வெள்ளை எண்களும்: 417. நாலாவது படம் இல்லை.

தவமணி திரையிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"உந்த நம்பர் வேறை ஆருக்கும் குடுத்திருக்கமாட்டினமோ, ஐயா?"

"ஒரு படகுக்கு ஒரு இலக்கந்தான், பிள்ளை."

"பிழையாயும் குடுக்கமாட்டினமோ?"

அலுவலகத்தைப்பற்றி அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் என்னிடம் கேட்டதில்லை. ரவி அவளை விட்டுத் தள்ளிப்போய்க் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

மதியம் இணுவிலுக்குத் திரும்பினேன். எங்கள் ஊரில் தண்ணீர் கிணற்றில் இருக்கும். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். அங்கே பிறந்தவன் கடற்கரைக்காரருக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். அதற்குமேல் அவனுக்கு உரிமையில்லை என்று ஓட்டோவுக்குள் தோன்றியது.

மார்ச் 20 அன்று படத்தின் மூன்று பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு நான்கு நினைவூட்டல்கள். ஐந்தாவதை எழுதிக்கொண்டிருந்தபோது தவமணி தொலைபேசியில் கூப்பிட்டாள். பதில் வந்திருக்கிறது. வாசிக்கச் சொன்னேன். படகு மூழ்கியதை அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. படகின் உரிமையாளர் மூல அனுமதிப்பத்திரத்துடன் நேரில் சமுகமளிக்க வேண்டும்.

"ஐயா, மேலை விலாசத்திலை 'திரு. யோகராசா' எண்டு அவரின்ரை பேர்தான் போட்டிருக்கினம். நேரிலை வரச்சொல்லியும் இருக்கு." அவள் கடிதத்தைத் திருப்புவது கேட்டது. "அப்ப அவர் இருக்கிறார் எண்டுதானே அவையும் நினைக்கினம்?"

பதிவேட்டில் உள்ள பெயருக்குத்தான் கடிதம் போகும். எழுதியவர் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். இதை நான் இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்தியிருக்கலாம்.

"ஓம், பிள்ளை" என்றேன்.

அன்று ஒக்டோபர் 9.