அக்கா சமைத்த நீலம்

புரிந்துணர்வுக்கு நாற்பது நாற்காலிகள் வேண்டும். இது எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அவற்றை விரித்து வைப்பதும் மடித்து அடுக்குவதும் என் வேலையாக இருந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்தத் தொண்டு நிறுவனம் ஆப்கானியர்களுக்குக் கைத்தொழில் பழக்கியது. வெள்ளிக்கிழமைகளில் அவர்களையும் பலெர்மோக்காரரையும் ஒரே அறையில் இருத்திப் பேசவும் விட்டது. அங்கே கிழமைக்கு மூன்று நாள் நான் துப்புரவு வேலை செய்தேன். மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு, கட்டார், நாப்பொலி, தக்காளித் தோட்டம் என்று சுற்றி, கடைசியில் பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் அக்கா வீட்டுச் சோபாவில் வந்து விழுந்திருந்தேன். மூன்று மாதம் என்று சொல்லித்தான் வந்தேன். அப்போது நாலாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் பின்னறையில் ஒரு குயவன் சக்கரம் சுற்றினான். முப்பது வயது, காபூலுக்கு வடக்கே மலையோர ஊர். பகலில் ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டுப் பின்னேரம் வருவான். என்னை லாலா என்பான். அவர்கள் பேச்சில் அண்ணன். எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஓட்டை இத்தாலிதான். அதை இங்கே என் தமிழில் தருகிறேன். அதனால் இரண்டு பேரின் இலக்கணமும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

கோடை முடிகிற நேரம் நிறுவனத்தை நடத்திய அம்மையார், எங்களுக்குச் சிஞ்ஞோரா, அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். மட்பாண்ட வகுப்பு ஒன்று தொடங்கலாம், அவனே ஆசிரியர், ஒப்பந்தம் எழுதி வேலை. ஆனால் மூன்று கிழமையில் நிர்வாகக் குழுவினர் பார்க்க வருவார்கள். கடைப் பூச்சுப் பூசக் கற்றுத்தர பலெர்மோவிலேயே ஆள் நிறைய உண்டு. அவனுடைய ஊரில் பாண்டங்களுக்குப் பூசும் நீலத்தைக் காட்டினால்தான் அவனுக்காகப் பேச முடியும். காட்டாவிட்டால் அந்த அறை யோகா வகுப்புக்கு. அவன் தட்டுக்கே திரும்பலாம்.

"கடை நீலம் பூசிப் பாத்தன், லாலா," என்று ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினான். "குளியலறை மாதிரி வருது."

அவர்கள் ஊர் நீலத்துக்கு உப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் சாம்பல் வேண்டும். கைபேசியில் படம் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிக்கிறாய்?"

"இதை நான் சாப்பிட்டிருக்கிறன்."

அது எங்கள் உமரி, அல்லது உமரிக்கு உடன்பிறப்பு. சண்டைக் காலத்தில் அரிசி வராத மாதங்களில் கடலோரத்தில் அதைப் பறித்து, மூன்று தண்ணீர் மாற்றி அவித்து, உப்பை எடுத்துவிட்டுத் தின்றோம். நன்றாகத்தான் இருக்கும். த்ராப்பனி உப்பளத்தில் ஒரு கோடை உப்பு அள்ளியபோது, அதற்குப் பக்கத்துத் தரிசெல்லாம் அப்படியொரு செடி நிற்பதைப் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை அவனும் நானும் பேருந்தில் போய் இரண்டு மூட்டை பறித்தோம். திரும்பி வரும்போது மூட்டைகள் இருக்கையில் இருந்தன, நாங்கள் நின்றோம். செடி நன்றாகக் காய்ந்தால்தான் எரியும். அக்கா வேலையால் வரமுன் பால்கனியில் பரப்பிவிட்டு நான் படுத்துவிட்டேன். ஞாயிறு விடிய ஒரு மண்டபம் கழுவப் போய், மத்தியானம் திரும்பி வந்தால் பால்கனி வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது.

"அக்கா, இஞ்சை காயப்போட்டது எங்கை?"

"உமரியோ? சமைச்சாச்சு."

"ரெண்டு மூட்டையுமோ?"

"அவிச்சா எவ்வளவு வரும்? நாலு சட்டி. பூசை முடியக் கோயில்லை எல்லாருக்கும் குடுத்தன். சனம் சட்டியை வழிச்சுப்போட்டுது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"இந்த ஊரிலை உமரி நிக்குதெண்டு தெரிஞ்சும் இத்தினை வருஷமா வாயைத் திறக்கேல்லையே நீ! கூடப் பிறந்தவளுக்கு ஒரு பிடி கொண்டந்து தரோணுமெண்டு தோணேல்லை. அதுக்குள்ளை வெயிலிலை போட்டு வாட்டுறாய். சாப்பாட்டுச் சாமான் எண்ட மரியாதை இல்லையோ?"

"அது சாப்பிட இல்லை அக்கா. எரிக்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலமையே குடிச்சிட்டியோ?"

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. செடியைப் பிரட்டிப் போடக் குயவன் வந்திருந்தான். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அக்கா தேடவில்லை. பதினைந்து வருடம் பலெர்மோக் கிழவிகளைப் பராமரித்துப் படித்த இத்தாலியில் நேராகவே சொன்னார்: "உன்ரை செடியை நாங்கள் சாப்பிட்டிட்டம். நானும் சாப்பிட்டன், கோயில் முழுக்கச் சாப்பிட்டுது."

அவன் கதிரையில் இருந்தான். பிறகு கேட்டான்: "நல்லா இருந்ததோ?"

மிச்சமிருந்த ஒரு பிடியை, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தது, அக்கா தட்டில் வைத்துக் கொடுத்தார். தின்றான். காரம் காணாது என்று செத்தல் மிளகாய் கேட்டான். அக்கா என் பக்கம் திரும்பி, "பெடியன் பரவாயில்லை," என்றார். அவன் சிரிக்கத் தொடங்கினான். ஒரு கோயில் சனம் முழுக்கத் தன் நீலத்தைத் தின்றுவிட்டது என்று வீட்டில் சொன்னால், தாய் தன்னைப் பைத்தியம் என்பாள் என்றான். சிரித்துக்கொண்டே விரல் மடித்து நாள் எண்ணினான். காய ஒரு கிழமை, எரிக்க, அரைக்க, பூச, சுட. எண்ணி முடிந்ததும் சிரிப்பு நின்றது.

"வியாழனுக்குப் பிறகு பறிச்சால் சரிவராது, லாலா. கிழமை நாளிலை பஸ்ஸிலை போய்வரவே பின்னேரம் சரி, ரெண்டு பேராலை பறிக்க ஏலாது. நான் தட்டுக் கழுவத்தான் சரி."

"வியாழன் பின்னேரம் எனக்கு லீவு," என்றார் அக்கா.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரம் லீவு. அக்காவுக்கு மட்டும் அல்ல, கோயில் பெண்கள் எல்லோருக்கும். இரண்டு வேன் நிறைய வந்தார்கள். கத்தியும் கடைப் பைகளும் குடையும் கொண்டு வந்திருந்தார்கள். சிஞ்ஞோரா கேமராவோடு வந்தார். தரிசில் இறங்கிய உடனேயே அக்காவுக்கும் குயவனுக்கும் ஒரே செடியில் பிடி விழுந்தது.

"இது முத்தினது, சிவந்து போச்சு. இதை ஏன் பிடுங்குறாய்?" என்றார் அக்கா.

"எனக்கு முத்தினதுதான் வேணும். தண்டு. அதிலைதான் சாம்பல்."

"நுனி?"

"நுனி வேண்டாம். அதிலை தண்ணிதான்."

அக்கா வேலியில்லாத அந்தத் தரிசைப் பார்த்துக் கத்தினார்: "பிள்ளையள்! நுனி எங்களுக்கு, அடி அவனுக்கு! முறிச்சுப்போட்டு மற்றதை அங்கை குவியுங்கோ!"

ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்பது மூட்டைத் தண்டு குவிந்தது. சிஞ்ஞோரா அதைக் கலாசாரங்களின் சந்திப்பு என்று பிறகு எழுதினார். நான் பார்த்தவரை, இரண்டு பகுதியினரும் மற்றவர் வேண்டாம் என்று எறிந்ததைப் பற்றித்தான் சந்தோசப்பட்டார்கள்.

காய்ந்ததை நிறுவனத்தின் முற்றத்தில் எரித்தோம். மேல் மாடிக்காரர் எட்டிப் பார்த்து என்ன மீன் சுடுகிறோம் என்று கேட்டார். செடி என்றதும் ஏமாந்துபோய் உள்ளே போனார். சாம்பலையும் வெள்ளைக் கல்லையும் உருக்கி அரைத்து, பழைய செப்புக் கம்பியைச் சுட்டு உதிர்த்த கறுப்புத் தூளையும் கலந்தான். அரைத்தது நான். தோள்மூட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஏழு கிண்ணங்கள் பின்னறையில் இருந்த மின்சூளைக்குள் போயின.

குழுவினர் மூன்று பேரும் வந்து நின்ற காலையில்தான் சூளையைத் திறந்தோம். உள்ளே நீலம் இருந்தது. மழை நின்று வெளித்த வானத்தில் கொஞ்சம் பச்சை கலந்தால் வருகிற நீலம். குயவன் ஒரு கிண்ணத்தைத் தூக்கினான். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினான். கிண்ணத்தோடு சூளைத் தட்டும் வந்தது, தட்டோடு மற்ற ஆறும் வந்தன. பூச்சு உருகி வழிந்து எல்லாவற்றையும் தட்டோடு ஒட்டிவிட்டிருந்தது. சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டார்.

குழுவில் கண்ணாடி போட்ட மனிதர் மெதுவாகக் கேட்டார்: "இது உங்கள் ஊர் முறையா?"

நான் பின்னால் நின்று அவன் சட்டையை இழுத்தேன். "ஓமெண்டு சொல்லு."

"இல்லை," என்றான் அவன். "பிழை விட்டிட்டன். எங்கடை சூளைக்கு விறகு. அதின்ரை நெருப்பு எனக்குத் தெரியும். எங்கடை பூச்சுக்கு இந்தப் பெட்டியின்ரை நெருப்பு தெரியாது. நீலம் சரி. சூடு பிழை."

மூவரும் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் நாற்காலிகளை மடித்து அடுக்கினேன், பிறகு திரும்பவும் விரித்தேன். யோகாவுக்கு நாற்காலி தேவையில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குயவன் தட்டைப் பிள்ளையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

வெளியே வந்து சொன்னார்கள். வகுப்பு உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஒரு நிபந்தனை: மின்சூளை வைத்திருக்கும் பலெர்மோக் குயவர் ஒருவரிடம் செவ்வாய்க்கிழமைகளில் அவன் சூடு படிக்க வேண்டும். செவ்வாய் மாணவன், வியாழன் ஆசிரியர்.

"வீட்டுப்பாடம் தருவினமோ?" என்று கேட்டான்.

முதல் வியாழன் எட்டுப் பேர் சேர்ந்தோம். களிமண்ணை யாரும் தொடவில்லை. ஆளுக்கொரு உளியைத் தந்து, தட்டை நடு மேசையில் வைத்து, கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார் ஆசிரியர். இரண்டு முழுதாக வந்தன. மூன்றாவதை உடைத்தது நான்.