அவளுக்கு நான் சொல்லாத வார்த்தை

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வியின் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டாள். பதினாறு வயசு. "பையன் வூட்டுல கேக்குறாங்கம்மா, குடுத்துடட்டுமா?" என்றாள் செல்வி. "கற்பகாம்பாளே கொண்டுவந்த வரன், தட்டாதே" என்றேன். மறுபடி பரீட்சை எழுதுகிறேன் என்று அந்தப் பெண் அழுதது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன்.

வருஷம் திரும்புவதற்குள் அவளுக்கு வளைகாப்பு. நான் போட்ட வளையல் அந்த மெலிந்த கையில் நிற்காமல் நழுவியது.

"சின்னதுக்கும் உங்க வாயால நல்ல வார்த்தை சொல்லுங்கம்மா" என்றாள் செல்வி. பள்ளிச் சீருடையில் நின்ற சின்னவளிடம், "நன்றாகப் படிக்கணும்டி" என்றேன்.

"எனக்கு ஏம்மா அத சொல்லல?" என்று மூத்தவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

இப்போது கோயிலில் கற்பகாம்பாளிடம் அவள் பிரசவத்துக்காக மட்டும் வேண்டுகிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வருவதில்லை.