காப்பாற்றப்பட்டது

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறச் சட்டை. காலையில் ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் நுழைந்தால், சாயங்காலம் கிரீஸ் கறையோடுதான் வெளியே வருவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் டிவிக்கு முன்னால் தரையில் தலையணையைப் போட்டு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவார். ஐம்பது வயதில் இதென்ன பழக்கம் என்று என் மாமியார் இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதில்லை. ஆண்டவன் எல்லாப் பானையிலும் ஒரு ஓட்டையை வைத்துத்தான் அனுப்புகிறான். இவர் பானையில் இருப்பது சின்ன ஓட்டை.

ஆடுகிற நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன். கேட்கிறேனா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

“அந்தக் கம்பெனிக்காரன் மலையை நல்லா செய்வான். மனுஷனைத்தான் செய்யத் தெரியாது. கடைக்காரன், திருடன், போலீஸ் எல்லாம் ஒரே மூஞ்சி. ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி.”

“இவன் இருக்கானே, தெரு பூரா கதவா வெச்சிருக்கான். ஒண்ணு திறக்கணுமே! எல்லாம் வெறும் படம். ஊரே பூட்டிட்டு எங்க போச்சு?”

ஒருமுறை ஆட்டத்துக்குள் ஒரு லிஃப்ட் வந்தது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது, எதிரிகள் சுடுகிறார்கள், இவர் தலையை நிமிர்த்தி லிஃப்டின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “எதிர் எடை எங்கடா? கயிறு எங்கடா? இது என்ன, ஆவி தூக்கிட்டுப் போகுதா?” என்று கேட்டு முடிப்பதற்குள் செத்துப்போனார்.

விளையாட்டை விற்கிற இடத்திலேயே நட்சத்திரம் போட்டு ஒரு வரி எழுதலாமாம். ஐந்து வரை போடலாம். இவர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதனால் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் ‘ஒத்த ஸ்டாரு’. வீட்டுக்குப் போன் செய்தால்கூட, “அண்ணி, ஒத்த ஸ்டாரு குளிச்சாச்சா? ஏழாவது மாடியில ஆள் மாட்டிக்கிச்சு” என்றுதான் கேட்பார்கள்.

அவர் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ‘முதுகு’ கதையை. எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்பெனி தன் விளையாட்டைத் தமிழிலும் போட்டிருந்தது. முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போகிற பொத்தானில் ‘முதுகு’ என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில் திரும்பிப் போவதற்கும் முதுகுக்கும் ‘பேக்’ என்று ஒரே வார்த்தையாம். “தமிழ்ல போட்டவன் யாரு, முதுகு பிடிச்சு விடறவனா?” என்று கேட்டார். அதையே எழுதி, ஒரு நட்சத்திரமும் போட்டார். அந்த வரியை நாலாயிரம் பேர் ‘பிடித்திருக்கிறது’ என்று அழுத்தியிருந்தார்கள். ஒரு வாரம் இவர் நடையே மாறிப்போயிருந்தது.

எங்களோடு இருக்கிறவள் என் தங்கை. எனக்கு ஏழு வயது இளையவள். நான் ஐந்தாவதோடு நிறுத்தியவள். அவள் இரண்டு பட்டம் வாங்கியவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டுகளைத் தமிழில் எழுதிக்கொடுக்கிற ஓர் ஆபீசில் பன்னிரண்டு வருடம் இருந்தாள். அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் சாப்பாட்டில் இரண்டாம் முறை வாங்கிக்கொள்வதை அவளாகவே நிறுத்திவிட்டாள். நான் அதைப் பார்த்தேன், கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் அவளை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார். அவள் மாமா என்பாள்.

“ஏ அகராதி, ‘கவர்னர்’க்குத் தமிழ்ல என்ன?”

“எந்தக் கவர்னர் மாமா? நாட்டை ஆளறவரா, உங்க லிஃப்ட்டு வேகத்தைப் பிடிக்கிறவரா?”

“ரெண்டும் ஒண்ணுதான். தேவைப்படறப்ப வேலை செய்யாது.”

இப்படித்தான் போகும் இருவருக்கும்.

ஒன்பதாவது மாதத்தில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. செருப்புக் கடைக்கு மேல் மாடியில், பதினோரு பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. மூன்று மாதம் பார்ப்பார்கள், சரிப்பட்டால் நிரந்தரம். அவள் அதைச் சொன்னபோது கண் நிறைந்திருந்தது. நான் சாமி விளக்கை ஏற்றப் போய்விட்டேன். இவர் மட்டும் தலையணையில் சாய்ந்தபடி, “செருப்புக் கடை மாடியிலயா? வசதிதான். ஆட்டம் சரியில்லன்னா அடிக்க செருப்பு கீழயே இருக்கு” என்றார்.

“முதல் செருப்பு உங்களுக்குத்தான் மாமா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். எத்தனாம் நம்பர்?”

அவள் வேலை இதுதான். விளையாட்டில் வருகிற பேச்சு, பொத்தானில் வருகிற சொல், எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகக் கொடுப்பார்கள். அறுநூற்றுச் சொச்சம் வரி. இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் காலி. படம் கிடையாது, யார் யாரிடம் சொல்வது என்பது கிடையாது, நம்பர் மட்டும் இருக்கும். வெள்ளத்தில் மூழ்குகிற ஒரு ஊரில் படகு ஓட்டிப்போய், கூரைமேல் நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற ஆட்டம் என்று மட்டும் வாயால் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் நான் அடுப்பில் நிற்கும்போது அந்தப் பட்டியலோடு வந்தாள். “அக்கா, இருநூத்திப் பதினாலாவது வரி. ‘சேவ்’. இதுக்குச் ‘சேமி’ன்னு போடலாம், ‘காப்பாற்று’ன்னும் போடலாம். எது சரியா இருக்கும்?”

“வெள்ளத்துல நிக்கிறவங்க விஷயம்தானே?”

“ஆமா.”

“வெள்ளத்துல நின்னுக்கிட்டு எவன் சேமிப்பான்? காப்பாத்துன்னு போடு. நல்ல வார்த்தை.”

சாமியிடம் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை அது. வேறென்ன தோன்றும் எனக்கு? அவளும், “அதான் நானும் நினைச்சேன்” என்று எழுதிக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாதக் கடைசியில், விளையாட்டு வெளியே போவதற்கு முன் நாலைந்து வெளியாட்கள் தமிழில் ஆடிப்பார்த்துக் கருத்து எழுதவேண்டும் என்றார்கள். அவள் மாமாவின் பெயரைக் கொடுத்தாள். முதலாளி சிரித்தாராம். “அந்த முதுகு வரி எழுதினவரா? அவர் சரின்னு சொன்னா ஊரே சரின்னு சொன்ன மாதிரி” என்றாராம். திங்கட்கிழமை காலை கருத்துப் படிவம் போய்ச் சேரவேண்டும். அன்றைக்குத்தான் அவளுக்கும் முடிவு சொல்கிற நாள்.

ஞாயிறு மத்தியானம். இவர் தலையணையில் உட்கார்ந்தார். தங்கை பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் துணி மடித்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகப் போனது. “துடுப்பு கொஞ்சம் கனம்” என்றார். “தண்ணி நல்லா பண்ணியிருக்கான், கலங்கல் கலங்கலா” என்றார். ஒரு கிழவி கூரையிலிருந்து படகுக்காரனைத் திட்டுகிற வசனத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். அதை எழுதியவள் பின்னால் இருப்பதை மறந்தே போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம்.

அப்போது ஒரு தபால்காரன் வந்தான். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒற்றை ஆளாக நிற்கிறான், தலைக்குமேல் தபால் பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பை நனையக்கூடாதாம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அதுவரை படகு பக்கத்தில் போனாலே ஆட்கள் தாங்களே ஏறிக்கொண்டார்கள். இப்போது முதல் தடவையாகத் திரையின் கீழ் மூலையில் இரண்டு பொத்தான். ஒன்றில் ‘கை கொடு’. இன்னொன்றில் ‘காப்பாற்று’.

“மூழ்கறவனுக்கு எவனாவது கை கொடுத்துப் பாராட்டுவானா?” என்று சொல்லிக்கொண்டே இவர் காப்பாற்று பொத்தானை அழுத்தினார்.

திரை ஒரு நொடி நின்றது. நடுவில் பச்சை எழுத்தில் ‘காப்பாற்றப்பட்டது’ என்று வந்தது. பிறகு தண்ணீர் தபால்காரன் தலைக்கு மேல் போனது. தொப்பி மட்டும் மிதந்தது.

இவர் பதறிப்போய் ஆட்டத்தை அணைத்து மறுபடி திறந்தார். தொப்பிதான் மிதந்தது. மறுபடி. தொப்பிதான். அந்தப் பொத்தான், அதுவரை ஆடியதை அப்படியே குறித்து வைக்கிற பொத்தானாம். ஆளைத் தூக்குகிறது ‘கை கொடு’. கை கொடுக்க நேரமில்லாத, அவன் மூழ்குகிற அந்தக் கடைசி நொடியை இவர் தன் கையாலேயே நிலையாக்கி வைத்துவிட்டார்.

“அடப்பாவிங்களா! காப்பாத்திட்டேன்னு சொல்லிட்டுக் கொல்றானே!” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வரி கிடைத்துவிட்டால் வருகிற சிரிப்பு அது. போனை எடுத்துப் படிவத்தில் எழுதத் தொடங்கினார், எழுதுவதைச் சத்தமாகச் சொன்னார். “காப்பாற்றப்பட்டது என்று பச்சை எழுத்தில் சொல்லிவிட்டு ஆளை மூழ்கடித்த முதல் கம்பெனி... எப்படி இருக்கு? முதுகைவிட நல்லா இருக்குல்ல? இதைத் தமிழ்ல போட்டவன் எவனோ, அவனைத் தொட்டி மேல ஏத்தி நிக்க வைக்கணும்.”

“மாமா, அந்த ‘எவனோ’ நான்தான்.”

அவர் திரும்பவில்லை. போனைப் பார்த்தபடியே இருந்தார்.

“இருநூத்திப் பதினாலு. பட்டியல்ல ஒத்தை வார்த்தையா இருந்துச்சு. ஆளைன்னு நினைச்சேன்.”

“சொல்லிக்கொடுத்தது நான்” என்றேன். அது அங்கே யாருக்கும் உதவவில்லை.

பிறகு அவர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். “சரி. பார்க்கல. நான் அதை அழுத்தவே இல்ல. நல்லா இருக்கு, அஞ்சு ஸ்டாருன்னு போட்டுடறேன்.”

“நீங்க அஞ்சு போட்டா, போனை யாரோ திருடிட்டாங்கன்னு நினைப்பாங்க.”

“வேடிக்கை பேசற நேரமா இது? நாளைக்கு உன் விஷயம் இருக்கு.”

“இருக்கு. ஆனா இது வெளிய போச்சுன்னா ஊர்ல எல்லாரும் அந்த ஆளைத் தண்ணியில விடுவாங்க. எழுதுங்க மாமா. எந்த வரின்னு நம்பர் போட்டு எழுதுங்க.”

அவர் எழுதாமல் போனைத் தரையில் வைத்தார். அவள் குனிந்து எடுத்து, தானே எழுதினாள். வரி எண் இருநூற்றுப் பதினான்கு. ‘காப்பாற்று’ என்பது தவறு. ஆடுகிறவர் ஆளைத் தூக்குவதாக நினைத்து அழுத்துகிறார். வரி எண் இருநூற்றுப் பதினேழு, ‘கை கொடு’ என்பதும் தெளிவில்லை. மருந்துச் சீட்டு எழுதிய கை. ஒரு சொல் மிகையில்லை. நட்சத்திரம் போடுகிற இடத்தைக் காலியாக விட்டு அவரிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். காலியாகவே அனுப்பினாள்.

திங்கட்கிழமை அவள் திரும்பி வருகிறவரை நான் விளக்குக்கு முன்னால்தான் இருந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே கூச்சமாக இருந்தது. ‘பார்த்துக்கோ’ என்று மட்டும் சொன்னேன்.

இவர் அன்றைக்கு நாலு மணிக்கே வந்துவிட்டார். வேலை சீக்கிரம் முடிந்தது என்றார். நான் நம்பவில்லை.

அவள் ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “நிரந்தரம் இல்லையாம்.”

இவர் எழுந்துவிட்டார்.

“வேண்டாம்னும் இல்லையாம். இன்னும் ஒரு மாசம் பார்ப்பாங்களாம். அந்தத் தபால்காரரை வரைஞ்ச பையன் ரெண்டு மாசமா அந்தத் தொப்பியையே வரைஞ்சிருக்கான். கேட்டதும் அவனுக்கு முகமே செத்துப்போச்சு. முதலாளி என்னைப் பார்த்தாரு, பட்டியலைப் பார்த்தாரு. படமில்லாம குடுத்தது நம்ம தப்புன்னாரு. இனிமே நான் அவன் பக்கத்து மேஜையில உட்கார்ந்து, படத்தைப் பார்த்துத்தான் எழுதணும்.”

“இப்ப என்ன வார்த்தை போட்டிருக்கே?”

“ஒண்ணு ‘சேமி’. இன்னொண்ணுக்குத் ‘தூக்கு’ன்னு நினைச்சேன்.”

“தூக்குன்னா தூக்குல போடறதும்தான். தண்ணிக்குத் தப்பி கயித்துல சாகணுமா அவன்?” என்றார் இவர். “எங்க தொழில்ல ‘ஏத்து’ன்னு சொல்வோம்.”

“ ‘படகில் ஏற்று’. நல்லா இருக்கு மாமா.” பையைத் திறந்து அங்கேயே குறித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கினார்கள். எந்தப் பட்டியல் வந்தாலும் அவள் முதலில் கேட்பது “படம் எங்கே?” என்பதாம். ஆபீசில் அதுவே பெயராகிவிட்டது. இவர் வைத்த அகராதியைவிட அது பரவாயில்லை என்கிறாள்.

விளையாட்டு வெளியே வந்ததும் இவர் ஆரம்பத்திலிருந்து ஆடினார். தபால்காரனைப் பையோடு படகில் ஏற்றினார். இரண்டு நட்சத்திரம் போட்டார்.

“ரெண்டா மாமா? இவ்வளவுக்கும் அப்புறம் ரெண்டா?”

“துடுப்பு இன்னும் கனமாத்தான் இருக்கு.”

இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த முதுகுக் கம்பெனிக்கு எழுதிய வரியைப் போய்த் திருத்தியிருக்கிறார். தங்கைதான் எதேச்சையாகப் பார்த்து எனக்குப் படித்துக் காட்டினாள். நட்சத்திரம் அதே ஒன்றுதான். நாலாயிரம் பேர் சிரித்த வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில், ‘எழுதினவங்களுக்குப் படம் காட்டியிருக்க மாட்டாங்க’ என்று இருந்தது. அதை ஒன்பது பேருக்குப் பிடித்திருந்தது.